பச்சை முளைப்பாரி

சென்ற ஆடியில் நான் என் துணி அலமாரிக்குள் முளைப்பாரி வளர்த்தேன். யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே முதலில் சொல்லிவிடுவது மரியாதை. ஐம்பதைக் கடந்தவள் நான். ஊரார் மூடத்தனத்தைக் கிண்டல் செய்து பத்திரிகைகளில் எழுதுகிறவள். எலுமிச்சம்பழம் கட்டிய வண்டியைப் பார்த்தால் அரைப் பக்கம் எழுதிவிடுவேன். அப்படிப்பட்ட நான், பட்டுப்புடவைகளுக்குக் கீழே ஒரு மண்சட்டியில் பயறு விதைத்து, தினமும் மாலையில் குளித்துவிட்டு வந்து, அலமாரிக் கதவை ஒரு சாண் திறந்து தண்ணீர் தெளித்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் குலவையும் இட்டேன்.

நவி மும்பை நெருளில் எங்கள் வீடு உயரமான மாடியில் இருக்கிறது. வாங்கும்போது தரகர், எந்த அறையிலும் பகலில் விளக்கே போட வேண்டாம் என்றார். தரகர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான். முளைப்பாரிக்கு வேண்டியதோ இருட்டு. அந்த வீட்டில் அது அலமாரிக்குள் மட்டுமே கிடைத்தது. சில நாட்களில் வேலைக்கு வரும் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பாபி, அந்தர் சூஹா மரேலா ஹை" என்றாள். உள்ளே எலி எதுவும் சாகவில்லை. செத்தது என் பயறு. என் வீட்டுக்காரருடைய கல்யாணக் கோட்டின் மேல்தான் வெள்ளையாக என்னவோ செழிப்பாக முளைத்திருந்தது. அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "அம்மன் என் பக்கம் வந்துட்டா போல" என்றார்.

இந்தப் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். தாராவியில் பிறந்து, இப்போது திலக் நகரிலோ பன்வேல் பக்கமோ முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியிருக்காது. ஆடி மழை ஜன்னலில் அடிக்கும்போது உங்கள் மூக்கிலும் அந்த வாசனை வருகிறதா, இல்லையா? எனக்கு வருகிறது. நனைந்த வைக்கோல், சாணம், அதன் நடுவே குழந்தைத் தலையின் வாசனை மாதிரி இளசாக ஒன்று.

எங்கள் சந்தின் முனையில் முத்தாரம்மன் கோயில். கோபுரத்தை எல்லாம் தேடாதீர்கள். ஒரு பக்கம் தோல் கிடங்கு, மறுபக்கம் தையல் பட்டறை, நடுவில் ஓர் ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரையும் தொட்டுவிடக்கூடிய அகலத்தில் அம்மன். அதை ஒட்டி ஓர் அறை. ஆண்டு முழுவதும் அதில் பந்தல் கம்பும் கிழிந்த படுதாவும் கிடக்கும். ஆடிக் கொடைத் திருவிழாவுக்குப் பந்தக்கால் நாட்டியதும் அதைக் கழுவிவிட்டு, ஜன்னலைச் சாக்கால் அடைத்து, முளைப்பாரி அறை ஆக்கிவிடுவார்கள். வீட்டுக்கு ஒரு சட்டி. சட்டி கும்பார்வாடாவில் குயவர்களிடம் வாங்கியது. வைக்கோலும் சாணமும் எருமைகள் கட்டும் தபேலாவிலிருந்து வரும். ஊறவைத்த பயறையும் சோளத்தையும் அதில் தூவி உள்ளே வைத்தால், கொடை அன்றுதான் வெளியே எடுப்பார்கள். உள்ளே ஓர் அகல் விளக்கு மட்டும். வெளிச்சம் பட்டால் முளை பச்சையாகிவிடும். எங்கள் அம்மனுக்கு அது ஆகாது. பாலில் நனைத்த நூல் மாதிரி வெளுத்து, நெடுநெடுவென்று நிற்கவேண்டும். எவள் சட்டி அப்படி நிற்கிறதோ அவள் வீடு அந்த ஆண்டு விளங்கும். நிற்காவிட்டால் அடுத்த ஆடி வரைக்கும் குழாயடியில் பேசுவதற்கு விஷயம் கிடைக்கும்.

மாலையில் அறை வாசலில் பெண்கள் கும்மி அடிப்பார்கள். தோள் இடிக்கும், வளையல் உரசும், ஒரே வியர்வையும் மல்லிகையும். அந்த வட்டத்துக்குள் நின்றுவிட்டால் நீங்கள் யார் வீட்டுப் பெண் என்று யாரும் கேட்கமாட்டார்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஓர் ஆண்டில்தான் என் மாமா, அம்மாவின் தம்பி, ஒரு மராத்திப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டிருந்தார். பட்டறையில் மாமா சட்டை தைப்பார், அவள் நூல் வெட்டுவாள். சதாரா பக்கத்துக் கிராமம். அவள் வீட்டில் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். எங்கள் பக்கம் அப்படி எதுவும் செய்யவில்லை. விசேஷத்துக்கு மட்டும் கூப்பிட மறந்துபோனார்கள், அவ்வளவுதான். எனக்கு முறைப்படி அவள் அத்தை. சந்துக்கு அவள் "மராத்திக்காரி". அவளுக்கு அப்போது தெரிந்திருந்த தமிழ் மாமா சொல்லிக்கொடுத்தது மட்டும்: போதும், சும்மா இரு, பசிக்கி. ஒரு கல்யாணத்தை நடத்த அது போதும் என்று மாமா நம்பினார்.

சட்டிகளைக் கோயிலில் வரிசையாக வைத்த அன்று மாமாவும் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். பின்னாலேயே அத்தை, தலைக்குக் குளித்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். கோயில் தலைவர் எங்கள் மளிகைக் கடை அண்ணாச்சி. அவர் சட்டியைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், பிறகு மாமாவுக்கும் அத்தைக்கும் பொதுவாக இருந்த தூணைப் பார்த்துப் பேசினார்.

"இது யாருக்குல?"

"எம் பொண்டாட்டிக்கு, அண்ணாச்சி."

"எல, கோவப்படாத. அவ சாமி வேற, நம்ம சாமி வேற. வெரதம் தெரியணும், கும்மி தெரியணும். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா மத்த சட்டியும் கெட்டுப்போவும். அடுத்த வருசம் பாப்பம்."

"போன மாசம் ஒங்க கடை போர்டுல மராத்தி எழுத்துச் சரியான்னு பாக்க அவளத்தான கூப்பிட்டிய?"

"அது யாவாரம்ல. இது அம்மன்."

சுற்றி நின்ற பெண்கள் சட்டிகளைச் சரிசெய்வதில் திடீரென்று மும்முரமானார்கள். அவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. தம்பிக்காக ஒரு வார்த்தை சொல்வாள் என்று அவள் முகத்தையே பார்த்தேன். அம்மா தன் சட்டியின் வாயில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். ஆனால் வீட்டுக்குப் போகும்போது, யாரும் பார்க்காத திருப்பத்தில், அத்தையின் கையிலிருந்த சட்டியை வாங்கித் தன் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அம்மாவின் இந்தி காய்கறிச் சந்தைக்கு மேல் போகாது. "மேரா கர். ஊப்பர். பாத் நஹி" என்றாள். என் வீடு, மேலே, பேச்சு இல்லை. கத்தரிக்காய் பேரம் முடிந்த மாதிரி இருந்தது.

மேலே என்றால் எங்கள் அறையின் பரண். மாமா குடியிருந்தது ஒரு பட்டறைக்கு மேலே. கீழே மோட்டார் ஓடினால் மேலே தம்ளர் நகரும். முளைக்கிற விதை பயந்துபோகும் என்று அம்மா நினைத்தாள். ஆனால் எங்கள் பரணில் வேறு ஒரு சங்கடம். ஓடுகளுக்கு நடுவே அப்பா ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்தார். பகலில் அதன் வழியாக ஒரு சதுர வெளிச்சம் பரணில் விழுந்து மெதுவாக நகரும். அதில்தான் நான் படுத்துக் கதைப் புத்தகம் படிப்பேன். இன்று ஒவ்வொரு அறையிலும் வெளிச்சம் கொட்டிக்கிடக்கிறது. படிக்க எனக்குக் கண்ணாடி வேண்டியிருக்கிறது.

அத்தை தினமும் மாலை வேலை முடிந்து வந்து, ஏணியில் ஏறித் தண்ணீர் தெளிப்பாள். முளை கிளம்பியது. கிளம்பிய வேகத்தில் பச்சையாகவும் ஆனது. அப்பாவின் லுங்கியை எடுத்துச் சட்டியை மூடினேன். அத்தை வந்து அதை மடித்து வைத்தாள். மறுநாளும் மூடினேன், மறுநாளும் மடித்து வைத்தாள். "சும்மா இரு" என்றாள் சிரித்துக்கொண்டே. தெரிந்த மூன்றில் சரியானதைத்தான் எடுத்திருந்தாள். அம்மா எட்டிப் பார்த்து, "இப்பிடிப் பச்சப் பசேல்னு நிக்கே, எம்மா, இத எவ ஒத்துக்குவா?" என்று முனகினாள்.

கொடைக்கு முந்தைய தினம், மத்தியானம், மழையோடு கடலேற்றமும் சேர்ந்துகொண்டது. தாராவியில் அது என்ன என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். சாக்கடை முதலில் மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம் செய்யும். பிறகு சந்து சந்தாக இருக்காது. ஸ்டவ்வையும் அரிசி டின்னையும் பரணுக்கு ஏற்றிவிட்டு நாங்களும் ஏறினோம். பட்டறையைச் சீக்கிரமே மூடிவிட்டதால் அத்தையும் அப்போதுதான் வந்திருந்தாள். ஆக, அம்மா, நான், அத்தை, ஸ்டவ், சட்டி. கீழே எங்கள் வீட்டுச் செருப்புகள் ஒன்றையொன்று தேடிக்கொண்டு மிதந்தன.

அவ்வளவு நேரம் அவர்கள் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. அம்மா காபி போட்டாள். ஒரே தம்ளர்தான் மேலே வந்திருந்தது. அம்மா குடித்துவிட்டுக் கழுவத் தண்ணீர் இல்லாமல் ஒரு கணம் யோசித்தாள். பிறகு அப்படியே ஊற்றி நீட்டினாள். அத்தை வாங்கிக்கொண்டாள்.

பள்ளிக்கூட இந்தியை வைத்துக்கொண்டு நான் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். அத்தையின் ஊரிலும் நவராத்திரிக்கு இப்படி விதைப்பார்களாம். அவள் அம்மா வயலிலிருந்து மண் கொண்டுவருவாளாம். சாமிக்குப் பக்கத்தில் கலசம் வைத்து, சுற்றிலும் தானியம் தூவி, பச்சையாக வளர்ந்ததும் தசரா அன்று பிடுங்கிப் பெண்கள் தலையில் செருகிக்கொள்வார்களாம், ஆண்கள் தொப்பியில்.

"பச்சையாவா?" என்றாள் அம்மா.

"பச்சையாத்தானாம்."

அம்மா சட்டியைத் திரும்பிப் பார்த்தாள். முதல் தடவையாக அதைத் திட்டாமல் பார்த்தாள். "அவ அம்மைக்கு இவ இங்க விதைச்சிருக்கது தெரியுமான்னு கேளு" என்றாள். நான் கேட்டேன். அத்தை தலையை ஆட்டினாள். தெரியாது. அம்மா மிச்சமிருந்த காபியையும் தம்ளரில் ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினாள்.

தண்ணீர் வடிந்ததும் கோயில் பக்கமிருந்து ஓர் ஓலம் கேட்டது. யாரோ போய்விட்டார்கள் என்றே நினைத்தோம். ஓடிப்போனால் முளைப்பாரி அறை. சாக்கை அறுத்துக்கொண்டு சாக்கடை உள்ளே புகுந்திருந்தது. சட்டிகள் கவிழ்ந்து, கறுத்த சேற்றில் அந்த வெள்ளை முளைகள் நரைமுடி மாதிரி ஒட்டிக் கிடந்தன. பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். முளைப்பாரி இல்லாத கொடையை யாரும் கேள்விப்பட்டதில்லை. அம்மன் நம்மைக் கைவிட்டுவிட்டாள் என்று ஒருத்தி சொன்னாள். மராத்திக்காரி வாசல் வரைக்கும் வந்துபோனதால்தான் என்று இன்னொருத்தி ஆரம்பித்தாள். அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். ஆனாலும் பரணில் ஒன்று இருக்கிறது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

சொல்லவேண்டியதும் இருக்கவில்லை. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா இட்லி விற்பவள். விடிவதற்குள் அவித்து, கூடையில் அடுக்கி, சயான் ஸ்டேஷன் பக்கம் உட்கார்ந்து, "சட்னி தோபாரா நஹி மிலேகா" என்று, அதாவது சட்னி மறுபடி கிடையாது என்று, பம்பாய் முழுவதையும் இந்தியில் அதட்டுவாள். கொடை அன்று அம்மன் இறங்குவதும் அவள் மேல்தான். நனையாத உளுந்து கடன் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தவள், அம்மா எடுத்துத்தருவதற்குள் தானே ஏணியில் ஏறிவிட்டாள். மேலே சட்டி இருந்த பக்கம் பலகை கிறீச்சிட்டது. இறங்கி வந்தாள். உளுந்தை வாங்கிக்கொண்டாள். "ம்" என்றாள். போய்விட்டாள்.

மறுநாள் உச்சிக்கொடை. மேளம் ஏறியது. பெரியம்மா மஞ்சளும் வேப்பிலையுமாக நின்றவள் நடுங்கத் தொடங்கினாள், கூந்தல் அவிழ்ந்தது. கூட்டம் கையெடுத்தது. ஆண்டுதோறும் அம்மன் முதலில் அண்ணாச்சியைத்தான் கூப்பிடுவாள். அன்று அவரைத் தாண்டிப் பார்த்தாள். கூட்டத்தின் கடைசியில், தையல் பட்டறைப் படியில், மாமாவுக்குப் பின்னால் நின்ற அத்தையை நோக்கி வேப்பிலையை நீட்டினாள். கூட்டம் பிளந்தது. அத்தை வந்து நின்றாள்.

அம்மன் வாயைத் திறந்தாள்.

"க்யா மாங்தா தேரேகு?"

உனக்கு என்ன வேண்டும் என்று இந்தியில் கேட்டாள். மேளக்காரர் கை அப்படியே நின்றுவிட்டது. அத்தனை தலைமுறையாக நம்மூர்த் தமிழ் மட்டுமே பேசிவந்த தெய்வம். அண்ணாச்சிதான் முதலில் சுதாரித்தார். கைகட்டி, குரலைத் தணித்து, "தாயி, தமிழ்ல சொல்லு தாயி" என்றார்.

அம்மன் அவர் பக்கம் திரும்பினாள். "எனக்கு எந்தப் பாசை தெரியணும்னு நீ சொல்லுதியோல?"

அண்ணாச்சி பின்வாங்கிப் பந்தல் கம்பில் இடித்துக்கொண்டார். அம்மன் மறுபடியும் அத்தையைப் பார்த்துக் கேட்டாள். குழந்தை கேட்பாள், மன்னிப்புக் கேட்பாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அத்தை மெல்லச் சொன்னாள்: "அந்தர். சப்கே சாத்."

உள்ளே. எல்லாரோடும். தன் சட்டியை அந்த அறைக்குள், மற்ற சட்டிகளோடு வைக்கவேண்டும் என்கிறாள். அறையில் சேற்றைத் தவிர ஒன்றும் இல்லை என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

அம்மன் அவள் நெற்றி நிறையத் திருநீறு பூசினாள். அவ்வளவுதான் உத்தரவு. மாமா ஓடிப்போய்ப் பரணிலிருந்து சட்டியைக் கொண்டுவந்தார். அண்ணாச்சி இப்போது கட்சி மாறியிருந்தார். "வழிய விடுங்க, வழிய விடுங்க! அவ முன்னால போவட்டும், தனியாப் போவட்டும், யாரும் இடிக்காதீய" என்று கையை விரித்து ஓர் ஊர் அகலத்துக்கு இடம் செய்தார். அதைவிடப் பெரிய கௌரவம் இல்லை என்று அவர் மனதார நம்பினார். நானும் அப்போது அப்படித்தான் நினைத்தேன். பச்சை முளைப்பாரியைத் தலையில் வைத்து அத்தை மேளத்துக்குப் பின்னால் நடந்தாள். அவளைச் சுற்றி ஒரு வட்டம் காலியாக இருந்தது. பெண்கள் பின்னால், தூரத்தில், வெறுங்கையோடு. இவள் வந்து நிற்க ஆசைப்பட்ட வரிசை அன்று கலைந்துபோயிருந்தது. அவளைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துவிட்டார்கள், பக்கத்தில்தான் யாரும் வரவில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இத்தனை வயது ஆகியிருக்கிறது.

என் அம்மாவுக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. முளைப்பாரி அறை வாசலில் கழுவாமல் கிடந்த சட்டிகளில் தன்னுடையதைத் தேடி எடுத்தாள். உள்ளே பாதி சேறு, நாலைந்து ஒடிந்த முளை. அதைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, புடவையில் கறுப்புத் தண்ணீர் வடிய, விடுவிடுவென்று போய் அத்தையின் பக்கத்தில் நடந்தாள். தோள் இடிக்க நடந்தாள்.

"ஏட்டி, வெறுஞ்சட்டியப் போயி..." என்று ஒருத்தி கத்தினாள்.

"என் சட்டி, என் தலை. ஒனக்கென்ன?" என்றாள் அம்மா திரும்பாமலே.

சற்று நேரம் கழித்து இன்னொருத்தி தன் சட்டியை எடுத்தாள். பிறகு ஒருத்தி. மாஹிம் கடற்கரையை அடைவதற்குள் சேற்றுச்சட்டிகளின் ஊர்வலம் ஒன்று சேர்ந்துவிட்டது. வழியில் பஸ்ஸில் போனவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். எந்தச் சாமிக்குச் சேறு தூக்கிப் போகிறார்கள் என்று அவர்கள் குழம்பியிருக்கலாம்.

கடல் கொந்தளித்துக் கிடந்தது. முளைப்பாரியை முழுசாகத் தண்ணீரில் விடுவதுதான் எங்கள் வழக்கம். அத்தை விடுவதற்கு முன்னால் குனிந்து ஒரு பிடி பறித்தாள். யாரோ "ஐயையோ" என்றார்கள். அவள் அதில் கொஞ்சம் எடுத்து என் அம்மாவின் கொண்டையில் செருகினாள். பிறகு என் பின்னலில். இட்லிப் பெரியம்மா வந்து தலையைக் குனிந்து நின்றாள். பிறகு எல்லாரும் நின்றார்கள். மழை பிடித்துக்கொண்டது. பச்சைப் பயற்றின் வாசனை என் காதோரம் வீடு வரைக்கும் வந்தது. அதை ஒரு புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். அந்தப் புத்தகம், பரண், கண்ணாடி ஓடு, எதுவும் இப்போது இல்லை. சந்து இருந்த இடத்தில் உயரமான கட்டடம். அம்மன் அதன் தரைத்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்தில், வழவழப்பான டைல்ஸுக்கு நடுவே இருக்கிறாள். ட்யூப்லைட் அணைவதில்லை. அம்மாவும் இல்லை.

அடுத்த ஆடிக்கு அத்தையின் சட்டியை யாரும் மறுக்கவில்லை. அவள் கும்மி கற்றுக்கொண்டாள், திருநெல்வேலித் தமிழும் கற்றுக்கொண்டாள். இப்போது சுனாபட்டியில் மகன் வீட்டில் இருக்கிறாள். என்னைவிட நன்றாகத் தமிழில் வைகிறாள். அலமாரி விவகாரத்துக்குப் பிறகு, சட்டியைக் குப்பையில் போட மனம் வராமல், ஒரு பையில் வைத்து அவளிடம் கொண்டுபோனேன். பரணை, ஒற்றைத் தம்ளரை, அம்மன் பேசிய இந்தியை எல்லாம் ஞாபகப்படுத்தினேன். கொஞ்சம் அழுதும்விட்டேன் என்று நினைக்கிறேன். இருட்டு சரியாகத்தான் இருந்தது, தண்ணீர் சரியாகத்தான் விட்டேன், ஏன் முளை வரவில்லை அத்தை என்று கேட்டேன்.

அத்தை பையைத் திறந்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"ஒத்தையில ஒளிச்சு வச்சு வளத்தா அதுக்குப் பேரு முளைப்பாரி இல்லட்டி, ஊறவச்ச பயறு. போ, சட்டியக் கழுவிட்டு வா."